வில்வண்டி முதல் சோழவரம் வரை: காரைத் தாழ்த்தியவர்களின் கதை

இன்றைக்கு ஸ்பிரிங் என்று எல்லோரும் சொல்லும் பொருளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் வில். நம் தென்மாவட்டத்துப் பண்ணையார் வீடுகளில் நின்ற வில்வண்டியை அறுபது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டை வண்டியில் கோவில்பட்டிக்குப் போனால் முதுகெலும்பு கழன்றுவிடும். வில்வண்டியில் போனால் உட்கார்ந்தபடியே ஒரு தூக்கம் போடலாம். இரண்டுக்கும் வித்தியாசம் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் இருந்த அந்த எஃகுப் பட்டைகள்தாம். இங்கிலாந்தில் ஓபாடையா எலியட் என்பவர் 1804-ல் குதிரை வண்டிக்கு இந்த அடுக்குப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அது நம் ஊர் மாட்டு வண்டிக்கு வந்தபோது ‘வில்’ என்ற அழகான பெயரைப் பெற்றது. வளைந்து கொடுத்துத் திரும்பி நிமிர்வது வில் இல்லாமல் வேறென்ன?

இந்தப் பழங்கதையை இப்போது எழுதக் காரணம் என் தங்கை பேரன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். வேகமாக ஓடும் சின்ன கார் ஒன்று வாங்கியிருக்கிறான். “தாத்தா, வண்டி ஒட்டகம் மாதிரி உயரமா நிக்குது. லோயரிங் ஸ்பிரிங் போடட்டுமா, காயில்ஓவர் போடட்டுமா?” என்று போனில் கேட்டான். வாலிபத்தில் லாரிப் பட்டறையிலும், பிறகு துறைமுகத்தில் வண்டிகளோடும் நாற்பது வருஷம் கழித்தவன் நான். என்னிடம் அவனுக்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அதைத்தான் அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உயர்த்துகிற ஊர்

முதலில் நம் தூத்துக்குடியைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. உயர்த்தத்தான் நினைத்தார்கள். 1974 ஜூலை 11-ல் நம் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே உப்பும் பருத்தியும் கருப்பட்டியும் ஏற்றிய லாரிகள் ஊரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அதன் பிறகு நிலக்கரி, உரம், மரத்தடி என்று சுமைக்குக் கணக்கே இல்லை. ஏற்ற வேண்டியதற்கு மேல் ஏற்றுவார்கள். பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உடனே பட்டறைக்குக் கொண்டுவந்து, “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பிளேட் சேர்த்துப் போடுங்க” என்பார்கள். யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை எடுத்து, பழைய லாரியிலிருந்து கழற்றிய பிளேட்டை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றிச் சொருகுவோம். சுமை இருக்கும்போது வண்டி நேராக நிற்கும். சுமையை இறக்கிவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வெற்று லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டயபுரம் ரோட்டில் போனவருக்குத்தான் தெரியும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை மேல்தகட்டில் இடித்த வேதனை.

அங்கேதான் வில்லின் முதல் பாடத்தைக் கற்றேன். வில்லைப் பலமாக்கினால் சுமையைத் தாங்கும், ஆனால் சுகத்தைப் பறிக்கும். 1678-ல் ராபர்ட் ஹூக் எழுதி வைத்த விதியும் இதுதான். எவ்வளவு பாரம் வைக்கிறோமோ அதற்கேற்ற அளவில் வில் அமுங்கும். இரண்டு மடங்கு பாரம் என்றால் இரண்டு மடங்கு அமுக்கம். எந்தப் பாரத்துக்கு எவ்வளவு அமுங்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வண்டி செய்கிறவரின் வேலை. அதை மாற்றுகிறவர், அவர் போட்ட கணக்கையும் மாற்றுகிறார்.

மூன்று கார்கள், மூன்று விதமான வில்

எழுபதுகளில் நம் ஊர் வீதிகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றுதான். கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் மெட்ராஸ் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்ட்.

அம்பாசிடருக்குப் பின்னால் பட்டை வில். முன்னால் சுருள் கிடையாது, டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. ஈரத்துணியை முறுக்கினால் திரும்பிக்கொள்ளப் பார்க்கிறதே, அதே தத்துவம். ஃபியட்டுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. மூன்றாவதான ஹெரால்ட்தான் விசித்திரமானது.

ஹெரால்ட் இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். 1961-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை மெட்ராஸில் செய்யத் தொடங்கியது. 948 சிசி எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் கிரேட் காட்டன் ரோட்டில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு ஹெரால்ட் வளைந்து திரும்புவதை நின்று பார்ப்போம். முன் சக்கரத்துக்கு மேலேயும் கீழேயும் கை போல இரண்டு விஷ்போன். நடுவில் ஷாக் அப்சார்பர். அந்த ஷாக் அப்சார்பரையே சுற்றிக்கொண்டு சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பருக்கு மேல் காயில், அதாவது காயில் ஓவர். இன்று பையன்கள் லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் பொருளின் தாத்தா, அறுபது வருஷத்துக்கு முன்பே வண்டலூரில் செய்த காரில் உட்கார்ந்திருந்தார்.

பின்பக்கம்தான் வம்பு. அங்கே ஒரே ஒரு பட்டை வில், அதுவும் குறுக்காக. அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியல் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களைப் பிடித்திருக்கும். காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் நடுவிலிருந்து பறவையின் இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். பள்ளம் மேட்டில் ஒரு சக்கரம் ஆடினால் மற்றது ஆடாது என்பதால் சொகுசு. வளைவில் வேகமாகத் திரும்பினால் மட்டும் காரின் பின்பக்கம் மேலே எழும்பும். இறக்கை கீழே மடங்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கமாக மடிந்து, டயர் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு சட்டென்று போய்விடும்.

இது ஹெரால்டின் குறை மட்டும் இல்லை. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகனிலும் இதே அமைப்புதான். 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் என்ற விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே ஆக்சில்தான். அமெரிக்காவில் கோர்வேர் என்ற காரின் இதே அமைப்பைக் குறை சொல்லி, ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியிட்ட புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே எழுதினார். நம் நாட்டில் ஹெரால்டுக்குப் பின் வந்த கஸல் காரில் இந்த இறக்கை ஆக்சிலை எடுத்துவிட்டு முழு ஆக்சில் போட்டார்கள். நம் மெக்கானிக்குகளுக்கு ஸ்விங் ஆக்சில் பிடிக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தாழ்த்துகிற கலை

பந்தயக்காரர்கள் இந்தக் குறைக்கு வேறு வழி கண்டார்கள். ஆக்சிலை மாற்றவில்லை. காரைத் தாழ்த்தினார்கள். அந்தக் குறுக்கு வில்லைக் கழற்றி, அதன் வளைவைக் குறைத்துச் சற்றே தட்டையாக்கி மாட்டுவார்கள். அல்லது வில்லுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் ஒரு கட்டை வைப்பார்கள். அப்போது கார் கீழே இறங்கும். இறக்கைகள் ஏற்கெனவே மேல்நோக்கி நிற்கும். சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்து, கால் அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி இருக்கும். அதற்குமேல் வளைவில் எவ்வளவு எழும்பினாலும் சக்கரம் உள்ளே மடியும் நிலைக்குச் சீக்கிரம் வராது. இங்கிலாந்தில் இந்த வித்தை ஹெரால்டுக்கும் அதன் தம்பியான ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பிரபலம். இங்கே காரைத் தாழ்த்தியது அழகுக்காக இல்லை, உயிர் பிழைப்பதற்காக.

மற்றக் கார்களைத் தாழ்த்துவதற்கும் காரணம் உண்டு. அதை நம் தோணிக்காரர்களிடம் கேட்டால் பள்ளிக்கூட வாத்தியாரைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி, திரும்பி வரும்போது வெறுமையாக வந்தால் கல்லோ மணலோ அடிபாரமாகப் போட்டுக்கொள்ளும். பாரம் கீழே இருந்தால் பாய்க்காற்று எவ்வளவு அடித்தாலும் தோணி நிமிரும். பாரம் மேலே இருந்தால் சாயும். காருக்கும் அதே கதைதான். வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தாவுகிறது. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகத் தாவும். மையத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நான்கு டயரும் ஓரளவு சமமாக வேலை செய்யும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் தோணி போகும் கடலில் வேகத்தடை கிடையாது என்பதை மறக்கக் கூடாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சோழவரம்

தாழ்த்திய கார்களைப் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் காலத்தில் ஒரே இடம் சோழவரம்தான். மெட்ராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்ததும் விமானம் போய்விட்டது, தளம் இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. இது நம் நாட்டு விசேஷம் மட்டும் இல்லை. கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜுஹு என்று அங்கேயும் விமானத் தளங்களில்தான் கார் ஓடியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளம்தான். 1950 மே 13-ல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது.

எழுபதுகளின் பிற்பாதியில் நானும் பட்டறை நண்பர்கள் இரண்டு பேரும் மீட்டர்கேஜ் ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மெட்ராஸ் போய், அங்கிருந்து பஸ் பிடித்து இரண்டு முறை சோழவரம் போயிருக்கிறோம். திருவிழாக் கூட்டம். கயிறு கட்டிய பக்கத்தில் புழுதியைத் தின்றுகொண்டு நின்றோம். ஜாவா, எஸ்டி, என்ஃபீல்டு பைக்குகள் ஒருபக்கம். ஃபியட், ஹெரால்ட், அம்பாசிடர் ஒருபக்கம். இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் வருவார்கள். அவர்கள் பழுத்த ஆட்கள். நுவரெலியா பக்கம் மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி 1934-லேயே தொடங்கிவிட்டது. கொண்டல் சமஸ்தானத்து இளவரசர், விஜய் மல்லையா போன்றவர்கள் வெளிநாட்டு ஒற்றை இருக்கைக் கார்களையும் அங்கே ஓட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இளவரசர் காரைவிட நம் ஃபியட்தான் ஆச்சரியம். தூத்துக்குடியில் டாக்டரும் வக்கீலும் ஓட்டுகிற அதே ஃபியட். ஆனால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ளங்கை நுழையாத அளவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. உள்ளே சீட் இல்லை, கம்பளம் இல்லை, ஓட்டுநருக்கு மட்டும் ஒரு தொட்டி மாதிரி இருக்கை. பின்பக்கப் பட்டை தட்டையாக இருந்தது. நாங்கள் பட்டை சேர்த்து உயர்த்துகிறவர்கள், அவர்கள் தட்டி இறக்குகிறவர்கள். செய்வது ஒரே கொல்லு வேலை, ஒரே உலை, ஒரே சம்மட்டி. திசைதான் வேறு.

அன்று ஒரு மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். “இப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போவீங்களா அண்ணே?” என்று கேட்டேன். சிரித்தார். லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம், லாரியில்தான் போகும் என்றார். அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. ஓடுதளம் கண்ணாடி மாதிரி சமதரை. அங்கே பள்ளம் இல்லை, மாடு இல்லை, நாலு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறுவதில்லை. அந்த நிலத்துக்காகச் செய்த கார் அது.

வெட்டிய ஸ்பிரிங்

எண்பதுகளில் நம் ஊரிலும் அந்த ஆசை வந்தது. பந்தயக்காரர்களிடம் இருந்த கணக்கு மட்டும் கூடவே வரவில்லை. சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹாக்ஸா பிளேடாலோ கேஸ் கட்டராலோ ஒன்றரைச் சுற்று வெட்டிவிட்டு மாட்டுவார்கள். கார் தாழ்ந்துவிடும். பார்க்க மிடுக்காக இருக்கும். செலவு ஒரு டீக்காசு.

இதில் என்ன கெடுதல் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, சுருளில் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். 8 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் 2 சுற்றை வெட்டினால், மீதி 6. கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கம்பியின் தடிப்பு இன்னும் மோசமாக விளையாடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் போட்டால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் கடினம் ஏறக்குறைய 38 சதவீதம் கூடும். தடிப்பை நான்கு முறை பெருக்குவது கணக்கு. இரண்டாவது, கேஸ் வைத்து வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். கொல்லாசாரியிடம் கேளுங்கள், பதம் போன அரிவாள் எதற்கு ஆகும் என்று சொல்வார். மூன்றாவது, ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் குட்டையாகிவிட்டது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து நிற்கும். சக்கரம் மறுபடி மேலே வரும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்படி உட்காராமல் போனது ஒரு முறை. எங்கள் பட்டறைக்கு வந்துபோகும் ஒரு பையன். அப்பா இல்லை, அம்மா உப்பளத்தில் கூலி. இவன் ஒரு முதலாளி வீட்டு டிரைவர். முதலாளி மகனுடைய காரில் இப்படி வெட்டிய ஸ்பிரிங். காரின் கம்பெனி எதுவென்பது இங்கே முக்கியம் இல்லை, கம்பெனி அனுப்பியதை வெட்டியது இங்கே. திருச்செந்தூர் ரோட்டில் ஒரு சிறு பாலம் ஏறி இறங்கும்போது முன்பக்க ஸ்பிரிங் ஒருபக்கமாக விலகிவிட்டது. ஸ்டீயரிங் இழுத்துக்கொண்டு போய்க் கார் உப்பளப் பாத்தியில் இறங்கிக் கவிழ்ந்தது. உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கட்டைக் காலோடு இருபது வருஷம் ஒரு டீக்கடை நடத்தினான். காரை வெட்டச் சொன்னவன் வேறு, வெட்டியவன் வேறு, கால் போனவன் வேறு. அதைத்தான் இப்போது வண்டியைத் தொடுகிற எந்தப் பையனிடமும் முதலில் சொல்வேன். வண்டியில் நாம் செய்கிற மாற்றத்தை ஓட்டப்போகிறவர் நாம் மட்டும் இல்லை.

மாருதியும் காரியும்

1983-ல் மாருதி வந்தது. கார் சின்னதாயிற்று. முன்பக்கம் மாக்பர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. அமெரிக்க எஞ்சினியர் ஏர்ல் மாக்பர்சன் பெயரில் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஃபோர்டு கார்களில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஷாக் அப்சார்பரே ஒரு தூண் போலச் சக்கரத்தைத் தாங்கும். சுருள் அதைச் சுற்றி இருக்கும். இன்று நம் வீதியில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் முன்பக்கம் இதுதான். இந்த அமைப்பு வந்த பிறகுதான் ‘ஸ்பிரிங் மட்டும் மாற்றலாமா, ஷாக் அப்சார்பரோடு முழுசாக மாற்றலாமா’ என்ற கேள்விக்கே அர்த்தம் வந்தது.

மாருதி எஞ்சினை வைத்து கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்யப் பணம் இல்லாத பையன்களும் பந்தயம் ஓட வேண்டும் என்று நினைத்த மனிதர். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே போட்ட 3.7 கிலோமீட்டர் தளம் திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில்தான் ஓடினார். அவரே 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். காரி அதைப் பார்க்கவில்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். என் பேரன் வண்டி ஓட்டிப் பார்க்கிற ஊர் அது.

பந்தயக் கார்களில் நான்கு மூலையையும் தனித்தனியே உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஷாக் அப்சார்பர் உடலில் மரை இருக்கும். அதில் ஒரு வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங்கின் இருக்கை ஏறும், இறங்கும். இதுதான் இன்றைய காயில்ஓவர். ஓட்டுநர் ஒரு பக்கம் உட்காருகிறார், எஞ்சின் ஒரு பக்கம் கனக்கிறது. நான்கு தராசில் நான்கு சக்கரத்தையும் நிறுத்தி, எடையைச் சமன் செய்யத்தான் அந்த மரை. அழகு பார்க்க அதைச் செய்யவில்லை.

தாழ்த்துகிற வெறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வேடிக்கை. 1981-ல் ஃபார்முலா ஒன் கார்களுக்கும் தரைக்கும் நடுவில் குறைந்தது 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பிராபம் அணியின் எஞ்சினியர் கார்டன் மரே, நிற்கும்போது 6 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று, ஓடும்போது காற்றழுத்தத்தால் கீழே இறங்கிவிடும் காரைச் செய்தார். அளக்க வருகிறவர்கள் அளப்பது நிற்கிற காரைத்தானே! அந்த வருஷம் அந்த அணியின் நெல்சன் பிக்கேதான் உலகச் சாம்பியன்.

எதை வாங்குவது?

சரித்திரம் போதும், கேள்விக்கு வருகிறேன்.

லோயரிங் ஸ்பிரிங் என்பது சற்றுக் குட்டையான, சற்றுக் கடினமான சுருள். நல்ல கம்பெனி என்றால் அந்தந்தக் காருக்கென்றே கணக்குப் போட்டுச் செய்திருப்பார்கள். வெட்டிய ஸ்பிரிங்கோடு இதைச் சேர்க்கக் கூடாது. பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்கும். பழைய ஷாக் அப்சார்பரே தொடரும். செலவு குறைவு. ஆனால் அந்த ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவதுதான் அதன் வேலை. கடினமான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க அது கூடுதலாக உழைக்க வேண்டும். அதோடு பாதிப் பயணம் இறங்கிய நிலையிலேயே நிற்பதால், பள்ளத்தில் அடியில் உள்ள ரப்பர் கட்டையில் சீக்கிரம் இடிக்கும். ஓடித் தேய்ந்த ஷாக் அப்சார்பர் என்றால் சீக்கிரமே எண்ணெய் கசியத் தொடங்கிவிடும்.

காயில்ஓவரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாப்பிள்ளை பெண் மாதிரி பொருத்தம் பார்த்து வரும். உயரத்தை மாற்றலாம். நல்ல வகையில் துள்ளலை அடக்கும் அளவையும் மாற்றலாம். விலை பல மடங்கு. மாட்டிய பிறகு சக்கரக் கோணம் எல்லாம் புதிதாகப் பார்க்க வேண்டும். மலிவான காயில்ஓவர் வாங்குவதைவிட நல்ல ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வாங்குவது மேல்.

நம் கரைக்கு இன்னொரு சங்கதி உண்டு. காயில்ஓவரின் உயிர் அந்த மரை. தூத்துக்குடியில் மரை எத்தனை நாள் மரையாக இருக்கும்? உப்பளக் காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே உரிந்து விழுகிறது. எஃகு மரையில் அலுமினிய வளையம் என்றால் உப்பு ஈரம் இரண்டையும் கடித்து ஒட்டிவிடும். சம்மட்டி போட்டாலும் திரும்பாது. அப்போது பெரிய விலை கொடுத்து வாங்கியது, மாற்ற முடியாத ஒரு ஸ்பிரிங்காக நிற்கும். இங்கே அதைப் போடுகிறவர் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, மரைக்குப் பூச்சு கொடுத்து, அப்படியும் இப்படியும் திருகி வைக்க வேண்டும்.

ரோட்டையும் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அகலம் இருந்தால் தாழ்ந்த காரும் மெல்ல ஏறி இறங்கிவிடும். நம் தெருவில் ஊர்க்காரர்களே ராவோடு ராவாக சிமெண்டில் போடும் வேகத்தடைக்கு எந்த விதியும் கிடையாது. சின்ன கார்களின் அடிக்கும் தரைக்கும் நடுவில் சுமார் 16, 17 சென்டிமீட்டர். அதில் 4 சென்டிமீட்டரை இறக்கி, நாலு பேரை ஏற்றினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எந்த ஸ்பிரிங்கை வாங்கும் முன்னும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

ஆக, பேரனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். நீ செட்டிப்பாளையம் தளத்தில் ஓட்டப் போகிறாய் என்றால், அந்த வேலைக்கென்று ஒரு வண்டியை வைத்துக்கொண்டு காயில்ஓவர் போடு. சோழவரத்து மெக்கானிக் சொன்னது போல லாரியில் ஏற்றிக் கொண்டுபோ, லாரியில் கொண்டுவா. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிற வண்டி என்றால் நல்ல டயரும் புது ஷாக் அப்சார்பரும் போட்டு, கம்பெனி உயரத்திலேயே ஓட்டு. வளைவில் வண்டி பாதி திருந்திவிடும். இரண்டுக்கும் நடுவில் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்றால், சட்டம் இடம் கொடுக்கிற அளவுக்குள், உன் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கை, அதற்கேற்ற ஷாக் அப்சார்பரோடு சேர்த்து வாங்கு. ஹாக்ஸா பிளேடை எடுத்தால் மட்டும் என் வீட்டு வாசலுக்கு வராதே.

இந்தத் தொழிலில் எத்தனையோ பெயர் மாறிவிட்டது. பட்டை போய்ச் சுருள் வந்தது, சுருளுக்கு மரை வந்தது. ஆனால் வேலை அதேதான். வில்வண்டிக்காரர் மேடு பள்ளம் தெரிந்து மாட்டை மெல்ல நடத்துவார், வில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வெற்றிலைச் செல்லம் கூடச் சரியாது. எந்த ஸ்பிரிங் போட்டாலும் அந்தப் பெரியவர் உன் வண்டியிலும் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து ஓட்டினால் போதும்.